ஒரே வாளித் தண்ணீர், மூன்று எண்கள்

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் சுவரில் நூற்றுப் பன்னிரண்டு முன்னுரிமைகள் ஒட்டியாகிவிட்டன. எண்ணியவள் நான். கூட்டம் நடந்த அந்த ஹோட்டலுக்கு என்னை அனுப்பியதே சீட்டு எண்ணுவதற்கும் குறிப்பு எழுதுவதற்கும்தான்.

என் பெயர் பெர்பெடுவா அகுமு, சொந்த ஊர் யாலா. கிசுமுவில் உள்ள ஆய்வு நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக லேப் டெக்னீஷியன். வாரம் இரண்டு நாள் படகில் போய், குறித்து வைத்த இடங்களில் ஏரித் தண்ணீரை அளந்துகொண்டு வருவேன். நாங்கள் லோல்வே என்போம். வரைபடக்காரர்களுக்கு அது விக்டோரியா. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்ட ஏரி. அதைக் காப்பாற்ற அடுத்த பத்து வருஷத்துக்கு மூன்று நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து எதை ஆராய வேண்டும் என்று ஒரு பொதுப் பட்டியல் போடுவதுதான் கூட்டத்தின் நோக்கம். பத்தே பத்து விஷயம். மூன்று நாள் அவகாசம்.

கூட்டத்தை நடத்திக்கொடுக்க நைரோபியிலிருந்து வஞ்சோஹி என்று ஒருவரை வரவழைத்திருந்தார்கள். ஏரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; அதை அவரே பெருமையாகச் சொன்னார். ஆளுக்கு ஐந்து வண்ணச் சீட்டுகள் கொடுத்து, "மனசுல இருக்கறத எழுதுங்க, எதுவுமே தப்பில்ல" என்றார். அதுதான் தப்பு. ஆகாயத்தாமரைக்காரர் ஐந்து சீட்டிலும் ஆகாயத்தாமரை எழுதினார். பாசிக்காரர் பாசி. எங்கள் நிலையத் தலைவர் டாக்டர் நியாங்வேசோ, தான் இருபது வருஷமாக ஆராயும் ஒரு நத்தையை நான்கு விதமாக எழுதியிருந்தார்.

நானும் ஒரு சீட்டு எழுதினேன். 'மூன்று நாடும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும்.' வஞ்சோஹி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஆராய்ச்சி இல்லையே, நிர்வாகம்" என்று ஓரமாக, தேநீர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அங்கே அதற்குத் துணையாக 'மதியம் காற்றாடியைப் போடவும்' என்று யாரோ எழுதியதும் இருந்தது.

அன்று மீன் வளர்ப்பவர்கள் சார்பில் பேச ரிஸ்பா ஆவோகோவையும் கூப்பிட்டிருந்தார்கள். அசெம்போ விரிகுடாவில் பதினான்கு பெண்கள் சேர்ந்து ஏரிக்குள் கூண்டு போட்டு திலாப்பியா வளர்க்கிறார்கள். ரிஸ்பா அக்கா அந்தச் சங்கத்தின் தலைவி. ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அவர் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். தண்ணி கெடப்போகுதுன்னா அதுக்கு முன்னாடி நாள் யாராவது எனக்குச் சொல்லணும். மீனைப் புடிச்சு வித்துருவேன். அவ்வளவுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். வஞ்சோஹி அதை 'முன்னெச்சரிக்கை' என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதினார். பிறகு முன்னெச்சரிக்கை என்பது 'தகவல் பரிமாற்றம்' என்ற தலைப்பின் கீழ் வருமா, 'சமூகப் பங்கேற்பு' என்ற தலைப்பின் கீழ் வருமா என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. அதற்குள் ரிஸ்பா அக்கா மட்டாட்டு வேன் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலை ஏழேகால் மணிக்கு அவர் போன் செய்தார். நான் ஹோட்டல் வாசலில் மந்தாசிப் பணியாரமும் தேநீருமாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஏ யாலாக்காரி, எங்க இருக்க?"

"கூட்டத்துல அக்கா."

"கூட்டத்துலயே இரு. இங்க மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ராத்திரி தெக்குக் காத்து அடிச்சுது. இப்ப தண்ணி அழுகின முட்டை மாதிரி நாறுது. ரெண்டு கூண்டு ஏற்கெனவே போச்சு."

தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தேன். அடித்தண்ணீர் மேலே புரண்டு வந்திருக்கிறது; அதில் ஆக்சிஜன் இருக்காது. ஆனால் என்னை உறுத்தியது அது மட்டுமில்லை. போன வாரம் அந்தக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் அளந்தவள் நான். அடியில்கூட ஆக்சிஜன் லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்கு மேல் காட்டியது; மூன்றுக்குக் கீழே போனால்தான் கவலை. "பயப்படாதீங்க அக்கா, தண்ணி நல்லாத்தான் இருக்கு. இன்னும் மூணு வாரம் வளரட்டும்" என்று சொன்னவளும் நான்தான். அதை நம்பித்தான் அவர் அறுவடையைத் தள்ளிப்போட்டிருந்தார்.

உள்ளே போனேன். நியாங்வேசோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ பாவம்" என்றார். "ஆனா இன்னிக்கு நிகழ்ச்சி நிரல் இறுக்கமா இருக்கு பெர்பெடுவா. நூத்திப் பன்னெண்டை நாப்பதாக் குறைக்கணும். களப் பயணம் நாளைக்கு மத்தியானம் போட்டிருக்கோம்ல?"

"நாளைக்கு மத்தியானம் போனா நாத்தம்தான் இருக்கும் டாக்டர்."

"நீங்க போயிட்டு வந்து எங்களுக்கு ஒரு சின்ன அறிக்கை..."

பொறுக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. "ஏரியைக் காப்பாத்த வந்திருக்கோம், ஏரி ஒரு மணி நேரத்துல இருக்கு, போய்ப் பாக்க மாட்டோம்! அப்போ எதுக்குத்தான் டாக்டர் வந்தோம்? சீட்டு ஒட்டவா?"

பின்வரிசையில் இருந்த டாக்டர் நமுபிரு எழுந்தார். ஜின்ஜாவிலிருந்து வந்தவர், முந்தின நாள் முழுக்க வாயே திறக்காத பெண்மணி. "நான் வரேன். என் ஆக்சிஜன் மீட்டர் ரூம்லதான் இருக்கு" என்று செருப்பை மாட்டினார். உடனே முவான்சாவிலிருந்து வந்த டாக்டர் மசாஞ்சா, "உகாண்டா அளந்தா தான்சானியா சும்மா இருக்குமா?" என்று அவரும் எழுந்தார். அப்புறம் நியாங்வேசோவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வஞ்சோஹிகூடச் சீட்டுக்கட்டோடு பஸ் ஏறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கப் பெண்கள். சாகாத மீனைக் கூண்டிலிருந்து அள்ளி அள்ளிப் படகில் போட்டுக் கொண்டுவந்தார்கள். செத்ததை மணலில் தனியாகக் குவித்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு வாரம் போனால் தட்டு நிறையும் அளவு மீன்கள். ரிஸ்பா அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"இத்தனை பேரா? வலை பிடிக்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

படகில் போய் கூண்டுக்குப் பக்கத்தில், மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்தோம். பெரிய மாதிரிக்குழாய் நிறைய எடுத்து, குமிழி வராமல் ஒரு வாளியின் அடியில் குழாயை வைத்து மெதுவாக நிரப்பி, அங்கேயே மூன்று நாட்டு ஆக்சிஜன் மீட்டர்களையும் ஒன்றாக அதில் இறக்கினோம்.

உகாண்டா மீட்டர் இரண்டு புள்ளி ஒன்று காட்டியது. தான்சானியா மீட்டர் பூஜ்யம் புள்ளி ஏழு. என்னுடையது மூன்று புள்ளி எட்டு.

"உங்களுது கம்மியாக் காட்டுது" என்றார் நமுபிரு.

"உங்களுது ஜாஸ்தியாக் காட்டுது" என்றார் மசாஞ்சா. "எங்க மீட்டரைப் போன வருஷம்தான் சரிபாத்தோம்."

"போன வருஷமா? அதையும் வெளிய சொல்றீங்களே!"

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றார் நியாங்வேசோ. "கென்யாக்காரங்க எண்ணு நம்பகமானது. பத்தொன்பது வருஷத் தொடர் பதிவு."

கூடவே ஏறி வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ரிஸ்பா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரே வாளிதானே?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"இதுல எந்த எண்ணால என் மீன் செத்துச்சு?"

என் பையில் பழைய பாணிச் சோதனைப் பெட்டி இருந்தது. மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. கண்ணாடிப் புட்டியும் ஐந்து மருந்தும் மட்டும். பயிற்சியில் கற்றுக்கொண்டது, நேரம் பிடிக்கும் என்பதால் மீட்டர் வந்தபிறகு யாரும் செய்வதில்லை. மீண்டும் அதே ஆழத்திலிருந்து புட்டியில் தண்ணீர் பிடித்தேன். முதல் இரண்டு மருந்தை விட்டதும், ஆக்சிஜன் உள்ள தண்ணீர் பழுப்பாகக் கலங்க வேண்டும். எங்கள் புட்டியில் வெளிறிய மஞ்சள்தான் வந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கரைக்கு வந்து, ஒரு கவிழ்த்த படகின்மேல் புட்டிகளை வைத்து, அமிலம் விட்டு, கஞ்சிக் கரைசல் விட்டு நீலமாக்கி, அந்த நீலம் போகும்வரை கடைசி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் தலைக்கு மேல் நின்றார்கள். மசாஞ்சா சொட்டுகளைத் தனக்குள் எண்ணினார். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒன்று புள்ளி மூன்று.

மூன்று நாட்டு மீட்டரும் தப்பு. ஆளுக்கொரு பக்கம் தப்பு. இருப்பதிலேயே பெரிய தப்பு என்னுடையது.

என் மீட்டரின் சென்சார் மூடி தேய்ந்துபோய் மூன்று வருஷமாகிறது. காற்றில் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் காட்டும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில்தான் பொய் சொல்லும். புது மூடி வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நானும் விட்டுவிட்டேன். அந்தப் புட்டிச் சோதனையை ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் போதும். செய்யவில்லை. எண் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது, நானும் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அக்கா" என்றேன். "போன வாரம் நான் சொன்ன எண்ணு தப்பு. என் மீட்டர் கெட்டுப்போயிருக்கு. அப்பவே அடியில ஆக்சிஜன் குறைஞ்சிருக்கணும்."

நியாங்வேசோ என் முழங்கையைப் பிடித்தார். "பெர்பெடுவா, இதெல்லாம் இங்க..."

"இங்கதான் டாக்டர் சொல்லணும்."

ரிஸ்பா அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவாடையைப் பிழிந்துகொண்டே, "சொன்னதுக்கு நல்லது. இப்ப வந்து அந்தக் கூடையோட அந்தப் பக்கத்தைப் பிடி" என்றார்.

பிடித்தேன். நமுபிருவும் பிடித்தார். மதியம்வரை எல்லோரும் செத்த மீனைக் குழிக்குச் சுமந்தோம். வஞ்சோஹியின் காலுறையெல்லாம் செதில். ஒன்பது கூண்டில் நான்கைக் காப்பாற்ற முடிந்தது.

மூன்றாம் நாள் காலை கூட்டம் கூடியபோது, தேநீர் மேஜைப் பக்கத்திலிருந்த என் சீட்டை மசாஞ்சா பிய்த்துக்கொண்டு வந்து பலகையின் நடுவில் ஒட்டினார். "இது முதல்ல" என்றார்.

இனிமேலாவது சுலபமாக முடியும் என்று நினைத்தேன். எங்கே? 'இதுக்கு நிதி கொடுக்கறவங்க யாரு, இது பழைய வேலையாச்சே' என்று ஒருவர். 'யாரோட முறை பொது முறை?' என்று இன்னொருவர். ஜின்ஜா முறையா முவான்சா முறையா என்று நமுபிருவும் மசாஞ்சாவும் இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டார்கள். நத்தைக்கு இடம் வேண்டும் என்று நியாங்வேசோ விடாப்பிடியாக நின்றார். கடைசியில் வஞ்சோஹிக்கே பொறுமை போய்விட்டது. கையிலிருந்த பேனாவை மேஜையில் அடித்து, "நேத்து அந்தம்மா கேட்டாங்கல்ல, எந்த எண்ணுன்னு? அதுக்கு இந்த ரூம்ல யாராவது பதில் சொல்லுங்க, நான் அடுத்த சீட்டுக்குப் போறேன்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு முதன்முறையாக மரியாதை வந்தது.

என் சீட்டு முதலாவதாக நின்றது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று நாட்டு மீட்டர்களும் ஒரே இடத்துக்கு வர வேண்டும்; புட்டிச் சோதனையோடு ஒப்பிட வேண்டும்; ஆக்சிஜன் குறைந்தால் அன்றைக்கே கூண்டுக்காரர்களுக்குச் செய்தி போக வேண்டும். அச்சான அறிக்கையில் அந்த வாக்கியம் பதினொரு வரி நீளம். எழுதிய எனக்கே மூச்சு வாங்குகிறது. நத்தை ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது.

அதன்பிறகு நான் செய்த வேலை யாரும் கேட்காதது. மூன்று வருஷப் பதிவேடுகளை எடுத்து, அடியாழத்தில் அளந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'சந்தேகம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். நிலையத்துக்குக் கெட்ட பெயர் என்று நியாங்வேசோ ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "என் நத்தைக் கட்டுரையிலயும் இந்த எண்ணுதானே போட்டிருக்கேன்?" என்று கேட்டார். "ஆமா டாக்டர்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு சிவப்புப் பேனா கேட்டார்.

ரிஸ்பா அக்காவின் சங்கம் மிச்சமிருந்த கூண்டுகளை ஆழமான இடத்துக்கு நகர்த்திவிட்டது. நான்கு கூண்டு மீனை விற்ற பணத்தில் புதுக் குஞ்சுகள் விட்டார்கள். இரண்டு பெண்கள், 'இனி போதும்' என்று சங்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. ரிஸ்பா அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்தார். உகாலிக் களியும் சுகுமாக் கீரையும் வைத்தார். மீன் வைக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.