மிஞ்சிய ஒரு சொல்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலம் முழுக்க அவருக்கு உதவியாள் என்றாலே ஆகாது. யாராவது கூட வருகிறேன் என்றால், "நான் தனியா பாத்துக்கறேன்" என்பார். வீட்டில் பீரோவை நகர்த்தும்போதும் அதே பேச்சுதான். அதனால் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருடைய வாயில் "தனியா" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது யாருக்கும் ஆச்சரியமாகப் படவில்லை.

மனைவி ஊட்டிவிடப் போனால், "தனியா." தலையணையைச் சரிசெய்யப் போனால், "தனியா."

"விடுங்க அண்ணி," என்றார் அவருடைய தம்பி. "அண்ணன் சுபாவம் உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கோலத்துல நம்ம முன்னாடி கிடக்கறதுக்குக் கூச்சப்படறாரு. கொஞ்ச நாள் தனியா விட்டுடுங்க."

அவளுக்கும் அது சரியென்றே தோன்றியது. மாத்திரை கொடுத்து, துணி மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். உள்ளே குரல் உயரும். "தனியா! தனியா!" உடனே ரேடியோவை நிறுத்துவாள். மகளிடம் சைகையிலேயே பேசுவாள். வீடே பூனை நடை நடந்தது.

பேச்சுப் பயிற்சி தர வந்த பெண், சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் காரணம் கேட்டாள். பதிலைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, அவர் மனசுல நினைக்கறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. தண்ணி வேணும்னாலும் அதான் வரும். வலிச்சாலும் அதான். 'போகாதே'ன்னு சொல்ல வந்தாக்கூட, வாயில 'தனியா'ன்னுதான் வரும்."

மனைவி கதவைத் திறந்தாள். அவர் கண்கள் வாசலிலேயே நிலைத்திருந்தன.

"நான் இங்கயே இருக்கட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"இத்தனை வாரமா என்னைக் கூப்பிட்டுக்கிட்டா இருந்தீங்க? நான் ஒரு பாவி, கதவைச் சாத்திச் சாத்தி..."

அன்றே தம்பி அந்தக் கதவைக் கீலிலிருந்து கழற்றினார். அண்ணன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே அதைச் சுமந்துகொண்டு போய்ப் பால்கனியில் சாய்த்தார்.

அதன்பின் அறை நிறைய ஆட்கள். மகள் கட்டிலிலேயே வந்து உட்கார்ந்தாள். "ஏம்ப்பா, எப்பப் பாரு தனியா, தனியாங்கறீங்களே. மிளகாய் வேணாமா? வெறும் தனியாவை அரைச்சு என்ன பண்றது?" அவர் பாதி வாயால் சிரித்தார். வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே மனைவியும் சிரித்தாள்.

மெல்ல மெல்ல அவளுக்கு அந்தச் சொல் பிடிபட்டது. இழுத்துச் சொன்னால் முதுகு வலி. வெடுக்கென்று சொன்னால் விளக்கை அணை. மகள் வேலைக்குக் கிளம்பும்போது தணிந்து வந்தால், பத்திரமாகப் போ. அவர் சொல்ல, இவள் பதில் சொல்ல, அடுத்த அறையிலிருந்து கேட்பவர்களுக்குச் சாதாரணக் குடும்பப் பேச்சு போலவே இருக்கும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, அவள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, "தனியா" என்றார். இழுப்பும் இல்லை, வெடுக்கும் இல்லை. அவள் அதுவரை கேட்டிராத குரல்.

"என்னங்க? தண்ணியா? வலிக்குதா?"

அவர் தலை தொங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவள் மகளிடம் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "எல்லாம் புரிஞ்சுதே எனக்கு. அது ஒண்ணு மட்டும் என்னன்னு தெரியலையேடி."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.