தலைவரின் இடது இமை

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் மதுவைத் தொட்டதில்லை. எங்கள் கோயில் பங்கின் மதுவிலக்குச் சபையைத் தொடங்கியவர் என் பாட்டனார். அதன் தலைவராக இருந்த என் தகப்பனார், தலைவர் பதக்கத்தோடேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டார். பதக்கம் சபையின் சொத்து என்பதால் கடைசி நேரத்தில் நாங்கள்தான் கழற்றி எடுத்தோம். இப்போது அது என் கழுத்தில் கிடக்கிறது. ஓய்வு பெற்ற றெயில்வே ஸ்ரேசன் மாஸ்ரர் சிங்கராசா என்றால் மன்னார்த் தீவில் சிலருக்குத்தான் தெரியும். குடிக்காத சிங்கராசா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே சென்ற தவக்காலத்தில் நடந்ததை நானே எழுதிவைப்பது முறை. மற்றவர்கள் எழுதினால் சிரித்துக்கொண்டு எழுதுவார்கள்.

தவக்காலத்தின் முதல் வெள்ளி மாலை சபை கூடியது. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கும் கள்ளுத் தவறணையை அகற்றும்படி கேட்பதா இல்லையா என்பது விடயம். ஆதரிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னேன். விரலை நீட்டி, அவசரப்படாமல் எண்ணினேன்.

"ஆதரவு முப்பத்துநாலு," என்று அறிவித்தேன்.

மண்டபத்தில் பதினேழு பேர்தான் இருந்தார்கள்.

செயலாளர் செபமாலை எழுந்தான். தன் லொறியில் மீன்காரருக்கு ஐஸ் கொடுக்கும் தொழில் அவனுக்கு. என் தலைவர் கதிரையில் அவனுக்குப் பல வருடமாகக் கண்.

"சிங்கராசா அண்ணை, ஆளுக்கு ரெண்டு கையோ எண்ணினீங்கள்?"

"தூக்கின கையை எண்ணினனான். எனக்கு எண்ணத் தெரியும்."

"அப்ப மற்றப் பதினேழு பேரும் ஆர், வானத்தால வந்த சம்மனசுகளோ?"

அவனை முறைத்துப் பார்த்தேன். இரண்டு செபமாலைகள் நின்றார்கள். ஒரு செபமாலையே ஊருக்கு அதிகம். இதற்குள் என் இடது இமை தானாகவே இறங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு விதவை, நான் கண்ணடித்தேன் என்று எண்ணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கூட்டம் முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் மூக்கால் வந்தது, பானைக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல.

அடுத்த ஞாயிறு பூசைக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காலையில் நான் விறைப்பாக நிற்கிறேன், மாலையில் கண் சொருகி நாக்குக் குழறுகிறது என்றார்கள். "வெயில் சாய ஆளும் சாயிறார்," என்று சந்தையில் சிரித்தார்களாம். எங்கள் ஊருக்கு இந்த அடையாளங்களோடு வரும் ஒரே ஒரு நோய், ஒரே ஒரு வருத்தம்தான் தெரியும். அது போத்தலில் வருவது.

சபை என்னை ஊதிக் காட்டச் சொன்னது. சம்மதித்தேன். மறைக்க எதுவும் இல்லாதவன் ஊதப் பயப்படமாட்டான். என் மனைவி அஞ்சலா மட்டும் பதைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இத்தனை பேருக்கு முன்னால ஊதப் போறீங்கள். வாய் மணந்தா எங்களுக்குத்தானே மரியாதையில்லை," என்று சொல்லி நாலைந்து கராம்பை என் வாயில் போட்டுவிட்டாள்.

மண்டபத்தின் நடுவில் நிமிர்ந்து நின்று ஊதினேன். செபமாலை கண்ணை மூடி, செபம் செய்கிறவன்போல மோந்தான்.

"கராம்பு," என்றான்.

மண்டபத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் கரையில் வீட்டுப் படலையைத் திறக்கும்முன் கராம்பு சப்பாத குடிகாரன் இல்லை. குடிகாரனோடு குடித்தனம் நடத்தாத அஞ்சலாவுக்கு இது தெரியாமல் போனது எங்கள் வீட்டுக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை அங்கே விளக்குவதற்கு என் நாக்கு எழவில்லை.

குருத்து ஞாயிறு அன்று மாலை என்னை விலக்கி, பதக்கத்தைச் செபமாலைக்குப் போடுவது என்று தீர்மானித்தார்கள். குடும்பத்தின் பெயர் நிற்பதா விழுவதா என்பது அந்த ஒரு மாலையில் முடிவாகும்.

அஞ்சலா என்னை நரம்பு வைத்தியரிடம் இழுத்துப் போனாள். மகள் றெபேக்காவின் கணவன் றொகான் தன் ஓட்டோவில் ஏற்றிப் போனான். வைத்தியர் சுபத்திரா என் மகளைவிட இளையவர். என்னைக் கதிரையில் இருத்தி, கண்ணை வெட்டாமல் முகட்டைப் பார்க்கச் சொன்னார். என் இடது இமை, கம்பி தளர்ந்த றெயில் கைகாட்டிபோல மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு துணியில் சுற்றிய ஐசை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தார். எடுத்தபோது இமை எழுந்து நின்றது.

"ஐயா குடிக்கிறனீங்களோ?"

"பிள்ளை, நான் மதுவிலக்குச் சபைத் தலைவர்."

"கோவிக்காதேங்கோ. ரத்தமும் சோதிப்பம். ஆனா எனக்கு இப்பவே தெரியுது, இது மயஸ்தீனியா எண்ட வருத்தம்."

"மூளையிலயோ பிழை?"

"மூளை வடிவா இருக்கு. மூளை 'இமையைத் தூக்கு' எண்டு சொன்னா அது நரம்பால ஓடி வந்து நுனியில நிக்கும். நுனிக்கும் தசைக்கும் நடுவில ஒரு சின்ன இடைவெளி. நரம்பு அதுக்குள்ள அசற்றைல்கோலின் எண்டொரு இரசாயனத்தை விடும். தசையில இருக்கிற வாங்கிகள் அதைப் பிடிக்கும். பிடிச்சாத்தான் இமை எழும்பும்."

"வண்டி வந்து மேடையில நிக்கிற மாதிரி."

"ஓம், ஐயாவுக்கு அது நல்லா விளங்கும். உங்கட வண்டி நேரத்துக்கு வருகுது. ஆனா உங்கட உடம்பின்ர காவல்காரரே மேடையில ஏறிப் படுத்திருக்கினம். வாங்கிகளைக் கள்ளர் எண்டு நினைச்சு மறிக்கினம், உடைக்கினம். காலமை மிச்சம் இருக்கிறதை வைச்சுச் சமாளிக்கலாம். பாவிக்கப் பாவிக்க, விடுற இரசாயனமும் குறைய, பின்னேரம் எல்லாம் விழுந்துபோகும்."

"காவல் கடுமை எண்டுறீங்கள்."

"அளவுக்கு மிஞ்சின கடுமை."

எங்கள் குடும்பத்தில் காவல் எப்போதும் கடுமைதான். அதை வருத்தம் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை தெளிவாகச் சொன்னதால் பொறுத்துக்கொண்டேன்.

"சாராயம் குடிச்சவனுக்கும் இப்பிடித்தானே இமை விழுகுது?" என்று கேட்டேன்.

"பார்க்க ஒண்டு மாதிரித்தான். சாராயமும் வாங்கிகளிலதான் விளையாடும், ஆனா அது மூளைக்குள்ள. மூளையை அமத்துற வாங்கிகளை இன்னும் நல்லா அமத்த வைக்கும். அதுதான் நாக்குக் குழறுறது. அவையளுக்கு ஐஸ் வைச்சு இமை எழும்பாது. உங்களுக்கு எழும்பும். அசற்றைல்கோலினைக் கூட்டி அள்ளுறதுக்கு ஒரு நொதியம் இருக்கு. குளிரில அதுக்குச் சோம்பல் வரும். இரசாயனம் கொஞ்சம் கூட நேரம் நிக்க, மிச்ச வாங்கிகள் பிடிச்சிடும். நான் தாற குளிசையும் அந்த நொதியத்தைத்தான் மறிக்கும்."

மூலையில் இருந்த றொகான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு கவனமாக அவன் பூசையில்கூட இருந்ததில்லை.

குளிசை நல்ல குளிசை. ஆனால் என் மானத்தை அது இன்னும் கெடுத்தது. வீதியில் கண் இறங்கும்போது சட்டைப் பையிலிருந்து சின்ன மண்ணிறப் போத்தலை எடுப்பேன். ஒரு குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். அரை மணித்தியாலத்தில் நிமிர்ந்து, தெளிவாகப் பேசுவேன்.

"பாத்தீங்களோ?" என்றானாம் செபமாலை. "உள்ளுக்குப் போனாத்தான் அண்ணைக்குக் கை கால் ஓடுது."

குருத்து ஞாயிறு அன்று பின்னேரக் குளிசையை நான் எடுக்கவில்லை. வைத்தியர் அறிந்தால் ஏசியிருப்பார். மண்டபத்துக்குப் போகும்போது இடது கண் முக்கால்வாசி மூடியிருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது, எனக்கு இரண்டு மடங்காக நிறைந்திருந்தது.

"செபமாலை, உன்ர லொறியில ஐஸ் இருக்கோ?"

"இருக்கு அண்ணை. ஏன், கலந்து குடிக்கவோ?"

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். ஐஸ் கட்டி வந்தது, சூடை மீன் மணத்தோடு. கைலேஞ்சியில் சுற்றி இமையில் வைத்து, வைத்தியர் சொன்னதை ஒன்றும் விடாமல் மூக்கால் விளக்கினேன். பிறகு ஐசை எடுத்தேன். இமை எழுந்தது. யாரோ "யேசுவே" என்றார்கள்.

செபமாலை விடவில்லை. "முகத்தில ஐஸ் வைச்சா ஆர்தான் முழிக்கமாட்டான்? வெறிகாரனும் முழிப்பான்."

"முழிக்கமாட்டான். ஒரு வெறிகாரனைக் கொண்டு வா. அவனுக்கும் வைச்சுப் பாப்பம்."

இரண்டு பேர் தவறணைக்குப் போனார்கள். வாசலில் முதலில் அகப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு வந்து மேடைக் கதிரையில் இருத்தினார்கள்.

றொகான்.

கலியாணத்தன்று இதே மேடையில் என் முன்னால் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த என் மருமகன். பின்வரிசையில் றெபேக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா," என்றான், இரண்டு கண்ணும் சொருகியபடி. "எனக்கும் உங்கட வருத்தம்தான். என்ர வாங்கியள் எல்லாம் அடைபட்டுப் போச்சு."

செபமாலையின் முகம் மலர்ந்தது. அவன் முட்டாள் அல்ல. றொகானின் இமை எழும்பினால் என் சோதனை பொய், நான் குடிகாரன். எழும்பாவிட்டால் நான் தப்புவேன், ஆனால் என் வீட்டுக்குள் ஒரு குடிகாரன் இருக்கிறான் என்று நானே அறிவிக்க வேண்டும்.

"நீங்களே வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை," என்றான் மிகுந்த மரியாதையோடு.

வைத்தேன். ஐஸ் உருகி றொகானின் கன்னத்தால் ஓடியது. எடுத்துக் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த இரண்டு றொகான்களில் ஒருவனுடைய இமையாவது ஒரு நூல் எழும்பியிருக்குமா என்று பார்த்தேன். ஒரு நூல் எழும்பினது என்று சொன்னால் யார் அளக்கப் போகிறார்கள்? இருவருக்கும் வருத்தம், குடும்ப வருத்தம் என்று சொல்லிவிடலாம். மருமகனுக்கு எப்படிக் குடும்ப வருத்தம் வரும் என்று செபமாலை கேட்பான். அதற்குப் பதில் தேடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

றொகான் முந்திக்கொண்டான்.

"மாமா... இந்த நல்ல ஐசைக் கண்ணில வைச்சு ஏன் வீணாக்கிறீங்கள்? கிளாசில போடுங்கோ."

பங்குத்தந்தைகூடத் திரும்பி நின்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பதக்கத்தை நேராக்கிக்கொண்டேன்.

"இமை எழும்பேல்லை," என்று அறிவித்தேன். "இது வருத்தமில்லை, கள்ளு. இவர் திரும்பச் சத்தியம் செய்யும்வரை சபைக்கு வெளியால. செயலாளர் எழுதிக்கொள்ளட்டும்."

"அண்ணை... சொந்த மருமகன்," என்றான் செபமாலை. அவன் குரல் இறங்கியிருந்தது.

"எழுது."

எழுதினான். பதக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கை தட்டினார்கள் என்று சொல்லுவது தற்பெருமை, தட்டினார்கள்.

ஐசின் குணம் கனநேரம் நிற்காது. வீட்டுக்கு நடக்கும்போதே இமை மறுபடி இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் முதுகை வளைக்காமல் முன்னால் நடந்தேன். பின்னால் நாலு பேர் றொகானைத் தூக்கி வந்தார்கள். அவன் பாட ஆரம்பித்திருந்தான். படலையில் அஞ்சலா நின்றாள்.

"வெண்டீங்களோ?"

"வெண்டனான்."

அவள் எட்டிப் பார்த்தாள். "அப்ப பின்னால ஆரைத் தூக்கிக்கொண்டு வருகினம்?"

"சாட்சியை," என்றேன்.