அறிவு மூன்று

1

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. என் மச்சினன் எனக்குத் தரவேண்டிய பணம் இது. இந்தக் கதை பிறந்ததும் இந்தப் பணத்தால்தான். கற்பனை ஊற்றெடுத்தது, உள்மனம் கட்டளையிட்டது என்றெல்லாம் மற்ற எழுத்தாளர்கள் சொல்வார்கள். எனக்குக் கட்டளையிட்டது வங்கி. 'நடந்ததை ஐந்நூறு எழுத்துகளுக்குள் விவரிக்கவும்' என்று புகார்ப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். காலியிடத்தைக் கண்டால் நிரப்பாமல் நகர்ந்து பழக்கமில்லை. நிரப்பினேன். வழிந்ததுதான் இது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கற்றேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரியும். கண் பார்க்கும், வாய் சொல்லும், காது கேட்டு மூளைக்கு அனுப்பும். மூன்று ஆள் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் செலவு இருக்கிறது.

2

எங்கே தொடங்குவது?

'அடர்ந்த கானகத்தில், நிலவொளியில் மின்னும் வாளை ஏந்திய அந்த மாவீரன் —'

வேண்டாம். அது என் பணத்தில் வாங்கிய வாள். மின்னத்தான் செய்யும்.

'வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த ஒரு தொழிலாளி —'

இதுவும் வேண்டாம். 'கோரப்பிடி'யை எழுதி முடிப்பதற்குள் எனக்கே அந்த ஆள்மேல் சலிப்பு வந்துவிட்டது.

நடந்தபடியே சொல்கிறேன். மதிய இடைவேளை. கிடங்கின் ஓய்வறையில் ஒன்பது பேர் காலை நீட்டிக் கிடந்தார்கள். என் மனைவியின் தம்பியும் அங்கேதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். எங்கள் வீட்டு மின்கட்டணத்தை அவன்தான் தன் ஃபோனில் கட்டுவான். அதனால் என் கார்டு எண் அதில் பதிந்து கிடந்தது. அன்று மூலையில் உட்கார்ந்து ஆன்லைன் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். என் ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் படித்தேன். எப்படிப் படிப்பேன் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

"உங்கள் ரகசிய எண் நான்கு, ஏழு, ஒன்று, ஒன்பது.* இதை எவருடனும் பகிர வேண்டாம்."

'எவருடனும்' என்ற சொல்லைத் திக்காமல் கடந்துவிட்டேன். ஒன்பது பேரும் கைதட்டினார்கள். மேஸ்திரி விசிலே அடித்தார். பூரித்துப்போய் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தொகை அந்த வரியில் இருந்தது.

(* போட்டுப் பார்க்க வேண்டாம். அந்த எண் பத்து நிமிடத்தில் செத்துவிட்டது.)

3

அந்த விளையாட்டில் ஓர் ஆளை உருவாக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள். வலிமை, வேகம், அறிவு, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் போட வேண்டும். ஒன்றில் ஏற்றினால் இன்னொன்றில் இறங்கும். மேலும் புள்ளி வேண்டுமா, காசு கட்டு. கதை எழுதுவதும் கிட்டத்தட்ட இதுதான், காசு வருவதில்லை என்பதைத் தவிர. நானும் மச்சினனுக்கு இருபது புள்ளி ஒதுக்கினேன். பாசம் ஏழு. சோம்பல் ஆறு. வாய் ஐந்து. மிச்சம் இரண்டு. அதை அசட்டுத்தனத்தில் போடுவதா, திருட்டுத்தனத்தில் போடுவதா? பேனா நின்றுவிட்டது. எழுத்தாளர் தன் பாத்திரத்தைச் சந்தேகிக்கலாமாம். பாத்திரம் சொந்தக்காரனாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அவனையே கேட்டேன்.

"ஏன்டா எடுத்த?"

"நான் எங்க எடுத்தேன் அத்தான்? சும்மா பட்டன அமுக்கிப் பாத்தேன். நம்பர் இல்லாம ஒண்ணும் ஆகாதேன்னு இருந்தேன். நீங்க பாட்டுக்கு ஊருக்கே கேக்குற மாதிரி படிக்கிறீங்க!"

"படிச்சா? உடனே போட்டுருவியா?"

"பத்து நிமிஷ ஆஃபர் அத்தான். வாள், கவசம், குதிரை, மூணும் சேத்து. சம்பளம் வந்ததும் குடுத்துடலாம்னுதான்..."

"குதிரையா? நான் பஸ்ல நின்னுக்கிட்டே வர்றேன்டா!"

"பறக்குற குதிரை அத்தான்," என்றான், அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதுபோல.

(அந்தப் பணம் எதற்கு என்று நான் இன்னும் சொல்லவில்லை. கைதேர்ந்தவர்கள் இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவார்கள். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. பகல் முழுக்கத் தூக்கிவிட்டு வந்தால் என் முழங்கால் முதல் மாடியிலேயே வேலைநிறுத்தம் அறிவித்துவிடும். அதே கட்டடத்தில் தரைத்தள வீடு காலியானது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அதற்கென்று சேர்த்த பணம்.)

4

வங்கிக்கு ஃபோன் செய்தேன்.

"சார், அந்த எண்ணை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"யார்கிட்ட?"

"ஒன்பது பேர்கிட்ட. மேஸ்திரி விசில் அடிச்சார்."

அந்தப் பெண் என்னைக் காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள். அந்தப் பாட்டுக்கும் கட்டணம் உண்டா என்று தெரியவில்லை. பிறகு, "உங்க அனுமதி இல்லாம எடுத்தது யாருன்னு தெரிஞ்சா, புகார்ல அவங்க பேரை எழுதுங்க சார். விசாரிச்சு உறுதியானா பணம் திரும்ப வரும். அந்த விளையாட்டுக் கணக்கையும் அடியோட அழிச்சிடுவாங்க," என்றாள்.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"எழுதுங்க. என் தம்பியத் திருடன்னு எழுதத்தானே இத்தன நாள் எழுத்துப் படிச்சீங்க."

"அப்ப கீழ் வீடு வேணாமா?"

"ஏன் வேணாம்? எனக்கு மட்டும் முட்டி இல்லையா?"

இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

5

புகார் கொடுக்கக் கடைசி நாளன்று மச்சினன் மாடியேறி வந்தான். ஃபோனை என் முன்னால் வைத்தான்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க அத்தான். மூணு வருஷமா வளத்தது."

பார்த்தேன். கவசம் போட்ட ஓர் ஆள். முன்னந்தலையில் வழுக்கை. மூட்டை ஏறி ஏறி இடது தோள் ஒரு பக்கமாய் இறங்கியிருந்தது. தலைக்கு மேல் பெயர்: கிரேன்.

கிடங்கில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கீழே இருந்ததைப் படித்தேன். "வலிமை, தொண்ணூற்றாறு. அறிவு..." மறுபடியும் படித்தேன். "அறிவு மூன்று."

"ஏன்டா, அறிவு மூணா?"

"புள்ளி தீந்துபோச்சு அத்தான்."

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த வாரத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான். "பரவால்ல, பாத்துத்தான் போட்டிருக்கான்!"

6

வாசகர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமாம். இதோ.

முடிவு ஒன்று: அவன் பெயரை எழுதுகிறேன். பணம் வருகிறது, தரைத்தளம் கிடைக்கிறது, கிரேன் அழிகிறான். என் முழங்கால் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் அதனுடன் பேசுவதில்லை.

முடிவு இரண்டு: மச்சினன் மனம் திருந்தி, ஃபோனைத் தூக்கியெறிந்து, இரவு பகலாகப் படித்து, அதே கிடங்குக்கு மேனேஜராக — [இந்த இடத்தில் எட்டிப் பார்த்த மேஸ்திரி சிரித்த சிரிப்பில் பேனா வழுக்கிவிட்டது.]

முடிவு மூன்று, நடந்தது: பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். 'பெயர் கட்டாயம்' என்று சிவப்பில் திட்டியது. யோசித்தேன். 'கிரேன்' என்று எழுதி அனுப்பினேன். எண்ணைச் சொன்னது அவன்தானே. இரண்டு நாளில் பதில் வந்தது: போதிய விவரம் இல்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது. அறிவு மூன்று என்று நிரூபித்தாகிவிட்டது.

தரைத்தள வீட்டுக்கு ஓர் இளைஞன் வந்துவிட்டான். தினமும் காலையில் உடற்பயிற்சிக்கென்று மூன்று மாடியும் ஏறி இறங்குகிறான். என்னைக் கண்டால் வணக்கம் வேறு.

திருடன் என்று எழுதவிடாத என் மனைவி, அதற்குப் பிறகு ஒவ்வொரு சம்பள நாளிலும் கிடங்கு வாசலில் போய் நின்றாள். தம்பி வெளியே வந்ததும் கையை நீட்டினாள். எந்த வங்கியும் இவ்வளவு ஒழுங்காக வசூலித்திருக்காது.

இன்று கடைசி நானூற்று அறுபதையும் என் எதிரில் எண்ணி வைத்தான்.

"கணக்கு சரியா அத்தான்?"

"சரிடா."

"அப்ப இன்னும் ஒண்ணு." மேலே இன்னொரு நோட்டை வைத்தான். "இது தனி. உங்க அறிவ ஏத்தணும். காசு என்னோடது, கார்டு மட்டும் உங்களோடது. அமுக்கட்டுமா?"

என் பதிலுக்கு எங்கே காத்திருந்தான்? ஃபோன் சிணுங்கியது. அக்காவும் தம்பியும் என் வாயையே பார்த்தார்கள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தேன். முதல் வரி, இரண்டாம் வரி, தொகை இருக்கும் கடைசி வரி. மூன்று மாடி ஏறும் நேரம் ஆயிற்று. சத்தமே இல்லாமல் புரிந்தது.

"சொல்லுங்க அத்தான், பத்து நிமிஷந்தான்!"

அவனுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கடன் தீர்ந்தது. எண்ணை மட்டும் உங்களுக்கும் சொல்லமாட்டேன்.