காளான் வெளிச்சத்தில் படித்த பேப்பர்

காளான் வெளிச்சத்தில் நான் பேப்பர் படித்திருக்கிறேன். கண்ணாடி போடாமல். தலைப்புச் செய்தி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், கடைசிப் பக்கத்து வரி விளம்பரம் வரைக்கும். எங்கள் சிட்லபாக்கத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் தெருநாய்கூட எழுந்து போய்விடும்.

எண்பத்தெட்டில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற கையோடு நான் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, குளியலறையில் வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டுச் சிப்பிக்காளான் வளர்த்தேன். ஏற்றிப்போக ஒரு கூட்ஸ் வண்டி கேட்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு விளைந்தது. குளிக்கத்தான் இடமில்லை. அந்த மழைக்காலம் முழுக்க என் குடும்பமே மொட்டைமாடியில்தான் குளித்தது.

பக்கத்து வீட்டு ஏசுபாதம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் புகழ் அவருக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் அவருடைய புது மாப்பிள்ளை முதல் முறையாக விருந்துக்கு வருவதாக இருந்தது. கோழி ஊரில் எல்லோரும்தான் போடுகிறார்கள், தன் வீட்டில் காட்டுக் காளான் குருமா என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்.

விருந்தன்று பொழுது சாயும் நேரத்தில் கூடையோடு வந்து என்னைக் கூப்பிட்டார். ஏரிக்கரையில் யாரோ வீடு கட்டக் கேரளாவிலிருந்து லாரியில் இறக்கிய மரம் மழையில் ஊறிக் கிடந்ததாம், அதில் பூத்ததாம். பார்த்தால் அசல் சிப்பிதான். பக்கவாட்டில் விரிந்த அதே விசிறி, காம்புவரை இறங்கும் அதே மடிப்புகள். ஆனால் என் பைகளில் ஒருநாளும் வராத ஒரு மஞ்சள் அதில் ஓடியது. சிப்பியைப் போலவே வேஷம் போடும் விஷக்காளான்கள் உண்டு, அதில் ஒரு ஜாதி இருட்டில் ஒளிவிடும், தின்றவன் குடலைப் புரட்டி எடுத்துவிடும் என்று பயிற்சியில் கேட்டதைச் சொன்னேன்.

அவர் நேரே உள்ளே போனார். மனைவி பேபியின் சீர்வரிசை வெள்ளி டம்ளரைக் காளானோடு கொதிக்கவைத்துக் கொண்டுவந்து காட்டினார். கறுக்கவில்லை. விஷமென்றால் வெள்ளி கறுத்துவிடும் என்பது அவருடைய மாமியார் வீட்டுச் சட்டம். வெள்ளிக்கும் காளான் விஷத்துக்கும் எந்த உறவும் கிடையாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன்.

"இன்னா சார், உன் பாத்ரூம் காளானுக்குப் போட்டி வந்துட்ச்சேன்னு வயித்தெரிச்சலா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேபி சமையலறையில் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் கூடை. முதலில் ஒன்றுமில்லை. கண் பழகப் பழகக் கூடைக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம் ஊறியது. ஊறியது என்ன, பொங்கியது. ஏசுபாதத்தின் மீசையில் நரைமுடி எது, கருமுடி எது என்று என்னால் சொல்ல முடிந்தது. கூடையடியில் விரித்திருந்த பேப்பரை உருவி, "தாம்பரம் கிழக்கில் வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்" என்று சத்தமாகப் படித்தேன். அவர் கூடையைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

கரண்ட் வந்தது. டியூப் லைட்டின் கீழே காளான் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏசுபாதமும் மாறிவிட்டார். தான் எதையும் பார்க்கவில்லை, ஏதோ லாரி வெளிச்சம் அடித்திருக்கும் என்றார். தெருவெல்லாம் சொன்ன குருமாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை வந்தார். சாதுவான பையன். இலையில் ஆப்பமும் குருமாவும் வந்தன. அதைத் தொடாதீர்கள், இதே காளான் வெளிச்சத்தில்தான் இப்போது பேப்பர் படித்தேன் என்று நான் குறுக்கே விழுந்தேன். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் தன் நெற்றிப்பொட்டில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"ரிட்டயர் ஆனதிலேர்ந்து சாருக்கு இப்டித்தான். நீங்க சாப்டுங்க மாப்ளே."

மாப்பிள்ளை ஆப்பத்தைப் பிய்த்தார், குருமாவில் தோய்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றும் ஏசுபாதத்துக்கு வியர்த்து ஊற்றியது. ஒரு ஏரி அளவுக்கு என்றாலும் தப்பில்லை. மகள் கதவோரம் சிரித்தபடி நின்றிருந்தாள். ஏசுபாதம் அவளை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளையின் கை வாய்க்குப் பக்கத்தில் போனதும் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வோணாம் மாப்ளே, கீழ வையுங்க." இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார் சொல்றது நெஜம். அந்த வெளிச்சத்துலதான் பேப்பர் படிச்சாரு. வாடகை வூட்டு விளம்பரம். நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன்."