ஐம்பது கிலோமீட்டர் மௌனம்

அரங்கநாதன் கையில் வாக்கிடாக்கியை இறுகப் பிடித்திருந்தார். பேசுவதற்காக அல்ல, பேசிவிடாமல் இருப்பதற்காக.

ஜீப் செந்துறையைத் தாண்டி ஓடியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசிக்கு மேலே, இன்ஜின் இல்லாத வெள்ளைக் கிளைடரில் அபிநயா தனியாக வந்துகொண்டிருந்தாள். வேப்பந்தட்டை ஓடுபாதையில், வடத்தைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் அவளை மேலே ஏற்றிவிட்டது. அதன் பிறகு வெயில் கிளப்பும் சூட்டுக்காற்றில் ஏறி ஏறித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"பாப்பா ரொம்பக் கீழ வந்துட்டு சார். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார் டிரைவர் பாவாடை.

"கூடாது. கிளைடர் ஓட்டறவங்களுக்குக் குடுக்கற சில்வர் பேட்ஜுக்கு மூணு வேலை. ஆயிரம் மீட்டர் ஏறணும், அஞ்சு மணி நேரம் மிதக்கணும், அம்பது கிலோமீட்டர் போகணும். முதல் ரெண்டையும் முடிச்சிட்டா. இந்த மூணாவதுல மட்டும் ரேடியோவுல யாரும் வழி சொல்லக் கூடாது, வேற உதவியும் செய்யக் கூடாது. விமான தளத்துல இறங்க அனுமதி கேட்டா தப்பில்ல."

"ஏன் சார் அப்படி?"

"பழகின ஓடுபாதை கண்ணுக்கு மறைஞ்சதும், தானா முடிவெடுக்கத் தெரியுதான்னு பாக்கத்தான். நாம சொல்லிச் சொல்லி ஓட்டினா, பறந்தது அவ இல்ல, நாம."

"அப்ப நாம எதுக்குப் பின்னாடியே ஓடறோம்?"

"நான் அப்சர்வர்யா. பாக்கறதும், பாத்ததை எழுதிக் கையெழுத்துப் போடறதும்தான் வேலை."

"எங்க மாமியாருக்கும் அதேதான் சார் வேலை. கையெழுத்துதான் போடத் தெரியாது."

அரங்கநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுபாதையின் குத்தகை இன்றோடு முடிகிறது. நாளை அங்கே வேலி போட்டுவிடுவார்கள். வடக்கே ஒரு கிளைடர் பள்ளியில் பயிற்றுநர் வேலைக்கு அபிநயாவைக் கூப்பிட்டிருந்தார்கள். சில்வர் இருந்தால் வா என்றார்கள். அவளுக்கு இன்று ஒரு நாள்தான்.

ஐம்பது கிலோமீட்டர் முடிந்துவிட்டது. இனி இறங்க வேண்டியதுதான். அவள் தரிசாகக் கிடந்த ஒரு புஞ்சைக் காட்டைத் தேர்ந்தெடுத்து, காற்றை எதிர்த்துத் திரும்பினாள். நல்ல காடுதான். ஆனால் அதன் நடுவே கரண்ட் கம்பி ஓடியது. ஜீப் அந்தக் கம்பிக்கு அடியில் போனதால்தான் அவருக்கே தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். இங்கே ஒரு கம்பம் புளியமரத்துக்குள் இருந்தது, அடுத்தது சீமைக்கருவேலத்துக்குள்.

அவளும் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருக்கலாம். பேசினால் பேட்ஜ் போகும். பேசாவிட்டால்?

"சொல்லுங்க சார்!" பாவாடை கத்தினார்.

அரங்கநாதன் பொத்தானை அழுத்தினார். "அபிநயா, கம்பி! முன்னாடி கம்பி இருக்கு!"

கிளைடர் வலப்பக்கம் சாய்ந்து, வரப்பைத் தாண்டி, அடுத்த காட்டில் இறங்கிப் புழுதிக்குள் நின்றது.

அவர்கள் ஓடிப் போனபோது அவள் கண்ணாடி மூடியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"ஏன் சார் பேசினீங்க? நான் பாத்துட்டேன். நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே திருப்ப ஆரம்பிச்சுட்டேன்."

"ஆமா சார், முன்னாடியே சாஞ்சுச்சு. நான் பாத்தேன்" என்றார் பாவாடை.

"நீ ரோட்டைப் பாத்துத்தானய்யா ஓட்டின?"

பாவாடை இறக்கையில் படிந்த புழுதியைத் தட்டப் போனார்.

அரங்கநாதனின் கண் அந்த நேரத்தில் கம்பியில் இருந்தது, இறக்கையில் இல்லை. கிளைடரில் இருந்த ரெக்கார்டர் அவள் எந்த இடத்தில், எந்த நொடியில் திரும்பினாள் என்று சொல்லும். அவர் எந்த நொடியில் பேசினார் என்று அதற்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

"கம்பின்னுதானே சொன்னீங்க. எங்க இறங்கணும்னு சொல்லலையே. அது வழி காட்டறதா சார்?"

"விதியில 'வேற உதவி'ன்னும் போட்டிருக்கும்மா."

"ஆபத்தைச் சொல்றதும் உதவியா? அப்ப நான் கம்பில மாட்டிச் செத்திருந்தா பேட்ஜ் குடுத்திருப்பாங்களா?"

"ஃபார்ம்ல கையெழுத்துப் போட நீ இருந்திருக்க மாட்ட."

இத்தனை வருடமும் விதி எதற்காக வந்தது என்று பார்த்து அர்த்தம் சொல்லிவந்தவர் அரங்கநாதன். இந்த விதி, தனியாக முடிவெடுக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வந்தது. அவள் எடுத்த முடிவு யாருடையது என்பதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

ஜீப்பின் முன்பக்கத்தில் ஃபார்மை வைத்து, குறிப்பு எழுதும் இடத்தில், தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். அபிநயா படித்தாள்.

"இதைப் பாத்தா பேட்ஜ் குடுக்கறவங்க தள்ளிடுவாங்க சார்."

"தள்ளலாம்."

"நாளைக்கு ஓடுபாதையே கிடையாது."

"தெரியும்மா."

"எழுதலைன்னா யாருக்கும் தெரியாது."

அவர் பேனாவை நீட்டினார். "பைலட்டும் போடணும். நீ போடலைன்னா இது எங்கயும் போகாது."

அவள் பேனாவை வாங்கி, குறிப்பை மறுபடி படித்தாள். பிறகு அவர் எழுதியதற்குக் கீழே, 'அழைப்பு வருமுன்பே திரும்பத் தொடங்கிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இதுக்கு நீங்க சாட்சி போடுவீங்களா சார்?"

"இல்லம்மா. நான் பாக்கல."

தன் குறிப்புக்கு மட்டும் அவர் கையெழுத்திட்டார். பிறகு மூவரும், ரோடு வழியே திரும்பக் கொண்டுபோவதற்காக, வெயிலில் கிளைடரின் இறக்கையைக் கழற்றப் போனார்கள்.