எண்ணெய் குடிக்கும் ஆம்னி

காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பவர்கள் உண்டு, செல்போனைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் விளக்குவதற்கு முன்னால் ஆம்னி வேனின் டிரைவர் சீட்டைத் தூக்குவேன். அடியில் இருக்கிற என்ஜினிலிருந்து அந்தக் கம்பியை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். திருப்பூரில் துடைக்கிற துணிக்கா பஞ்சம்? ஆயிலுக்குத்தான் பஞ்சம். கம்பியின் நுனியில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். போன முறை ஊற்றியதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், பின்னால் வருகிற நீலப் புகையைத்தான் கை காட்ட வேண்டும்.

வேறு வண்டியாக இருந்தால் தொலைகிறது கழுதை என்று தள்ளிவிட்டிருப்பேன். இதைத் தள்ள முடியாது. என் மாமனார் மருதாசலத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். திருப்பூரில் இடம் கிடைக்காமல் கோயமுத்தூரில்தான் கிடைத்தது. போதாததற்கு இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்த மனிதர், உட்கார்ந்தபடி அவ்வளவு தூரம் வர முடியாது. ஒருமுறை டாக்ஸியில் கூட்டிப் போனேன். அவினாசி தாண்டுவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டார், இறங்கியதும் காலை ஊன்ற முடியாமல் என் தோளில் தொங்கினார். அப்புறம்தான் ஆம்னியின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டோம். இடது பக்க முன் சீட்டுக்குப் பின்னால் தலையை வைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவார். ஆம்னி நின்றால் டயாலிசிஸ் நின்றது. டயாலிசிஸ் நின்றால் என்ன ஆகும் என்பதை டாக்டர் என்னையும் என் மனைவி வினிதாவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் மயில்சாமி புகையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சுங்ணா. என்ஜினை எறக்கோணும். ஒரு வாரம் வண்டியை உட்டுட்டுப் போங்க."

"ஒரு வாரம் உட்டுப்போட்டு எங்க மாமனாரை என்ன தோள்லயா தூக்கிட்டுப் போறது?"

"அப்ப ஆயிலை ஊத்தி ஊத்தி ஓட்டுங்க. கொறையாமப் பாத்துக்கங்க. கொறஞ்சா நடுரோட்டுல என்ஜின் புடிச்சுக்கும், அப்பறம் நவுராதுங்ணா."

அந்த 'புடிச்சுக்கும்' என்ற வார்த்தை என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண் ரோட்டில் இருக்காது, மீட்டரில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கில்தான் இருக்கும். என்ஜின் கொஞ்சம் தொண்டை கட்டினாலும் எனக்கு வேர்த்துவிடும்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோமனூரில் தறிக்குடோன் வைத்து, ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர். ஆனால் மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாயே கிடையாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் மாமனார் குறை சொல்ல மாட்டார். சொன்னால் மகளுக்குத்தான் சங்கடம் என்று நினைப்பு. கரண்ட் போய் ஃபேன் நின்றிருக்கும். கேட்டால், "காத்து நல்லா வருதுங்க மாப்ள" என்பார். ஆரம்பத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் ஓங்கரித்து வாந்தி எடுப்பார். "ஒண்ணுமில்லீங்க, பித்தம்" என்பார். வியாதியின் குணம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் அது தானாக நின்றது. அப்பாவின் உடம்பு தேறிவிட்டது என்று வினிதா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அந்தச் சமயத்தில்தான் வண்டி எண்ணெய் குடிக்கத் தொடங்கியது.

போன வாரம் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மினுக்கவெல்லாம் இல்லை, நின்று எரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரங்கட்டிச் சீட்டைத் தூக்கினால் டிப்ஸ்டிக் குழாயைச் சுற்றிலும் எண்ணெய் பொங்கி வழிந்திருந்தது. கேனிலிருந்து ஊற்றினேன். அவசரத்தில் பாதி வெளியே போயிற்று. பைக்கில் போன ஒருத்தன், "வண்டி எரியுதுங்களாண்ணா?" என்று விசாரித்துவிட்டு நிற்காமலே போனான். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சனியன்! எத்தனை ஊத்துனாலும் பத்தாது. இதைக் கட்டி மாரடிச்சே நான் சாகப் போறேன்!"

டயரை ஓர் உதை விட்டுத் திரும்பினேன். மாமா மெத்தையில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திட்டியது வண்டியைத்தான். ஆனால் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்தியதை, வண்டிக்குள் படுத்திருக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார்?

அன்றைக்கு எப்படியோ போய் வந்துவிட்டோம். அடுத்த முறை போக வேண்டிய காலையில் அவர் குளிக்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் சேரில், பழைய வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதையில் புதைந்திருந்தது.

"இன்னிக்கு வேண்டாங்க மாப்ள. உடம்பு சுறுசுறுப்பாத்தான் இருக்குது."

வினிதா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "டாக்டர் என்னப்பா சொன்னாரு? ஒருநாள் கூட விடக்கூடாதுன்னு சொல்லலையா?"

"ஆசுபத்திரிக்காரன் அப்பிடித்தான் சொல்லுவான் கண்ணு. மாப்ளைக்கு எத்தனை தொந்தரவு. வண்டியும் போச்சு. போதும் உடு."

போதும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் புரிந்தது. இவர் ஒருநாளைச் சொல்லவில்லை, எல்லா நாளையும் சேர்த்துச் சொல்கிறார். என்ன பேசி இவரை எழுப்புவது? வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டினால் எழுந்து வருவார் என்று தோன்றியது. ஓடிப்போய் ஆம்னியை ஸ்டார்ட் செய்தேன். புகை குபுகுபுவென்று வந்து என்னைக் கேலி செய்தது. எங்கேயாவது தெறித்து ஒழுகுகிறதா பார்ப்போம் என்று, எப்போதும் தொடாத இடது பக்கச் சீட்டையும் தூக்கினேன்.

என்ஜின் தலையிலிருந்து காற்று வடிப்பானுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்று, கிளிப் உடைந்து கழன்று கிடந்தது. அதன் வாயில் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டித் திணித்து, மேலே தறிப் பாவு நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. இழுத்தேன். புஸ்ஸென்று பீறிட்டு, எண்ணெய்ப் புகை என் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெளித்தது. வண்டிக்குள் குடலைப் புரட்டுகிற நாற்றம் எழுந்தது.

மயில்சாமிக்குப் போன் போட்டேன். கண்டதைச் சொன்னேன்.

"அது என்ஜின் மூச்சு உடற குழாய்ங்ணா. அதைய அடைச்சா உள்ள காத்து முட்டி, ஆயிலை சந்து பொந்தெல்லாம் வெளிய தள்ளும். மேல ஏறி எரியவுஞ் செய்யும். தொறந்து பாக்காம ரிங்குன்னு சொல்லிப்போட்டனே, தப்புதானுங்ணா. குழாயை மாட்டி ஓட்டுங்க. புகை நிக்க ரண்டு மூணு நாளாகும், ஆனா ஆயில் கொறையாது."

நான் கையிலிருந்த நூலைப் பார்த்தேன். நுனி மட்டும் தெரிகிற சின்ன முடிச்சு. தையல்காரர்கள் இப்படிப் போட மாட்டார்கள். தறியில் அறுந்த இழையை முடிந்து வாழ்ந்தவர்கள்தான் போடுவார்கள். திரும்பினேன். மாமா சேரிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாந்தானுங்க கட்டுனது" என்றார். "ஆசுபத்திரியில நீங்க டீ குடிக்கப் போனப்ப. தறியில எண்ணெய் கசிஞ்சு துணியில பட்டா, வேஸ்ட்டைச் சுத்திக் கட்டிப்போடுவோமுங்க. கசிவு நின்னுரும். அந்த நெனப்புல..."

"எதுக்கு மாமா?"

"தலைக்கடியில வாடை வந்துதுங்க. தாங்க முடியல. உங்ககிட்டச் சொன்னா, வண்டியைக் குத்தஞ் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு..." அவர் என் கையிலிருந்த நூலைப் பார்த்தார். "நானே வண்டியைக் கெடுத்துப்போட்டனா மாப்ள?"

மரியாதை தெரிந்த மாப்பிள்ளை அந்த இடத்தில் சமாதானம் சொல்லியிருப்பான். எனக்கு வந்தது கோபம். ஒரு மாதம் முழுக்கத் தன் தலைமாட்டில் புகையைப் பிடித்துக்கொண்டு, நாற்றத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு, "நல்லாருக்குதுங்க" என்று சொன்ன மனிதர் மேல் கோபம். அவர் அப்படிச் சொல்லும்படி வைத்திருந்த என் மேல் அதைவிடக் கோபம்.

"வாயைத் தொறந்து சொல்லோணுமுங்க மாமா!" என்று கத்தினேன். வினிதா பதறி எழுந்தாள். அவள் அப்பாவை நான் அதட்டியது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் முறை. "வாடை அடிச்சா வாடைன்னு சொல்லோணும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லோணும். நான் என்ன ஒறம்பரையா, வந்துபோற ஆளா? இன்னிக்கு வண்டியில ஏறி, எறங்கறதுக்குள்ள ஒரு கொறையாவது நீங்க சொல்லோணும். சொல்லாட்டி சாவியைக் கெணத்துல போட்டுருவன். அப்பறம் நீங்க கும்புட்டாலும் எடுக்க மாட்டன்!"

தெருவே எட்டிப் பார்த்தது. மாமா என் சட்டையின் எண்ணெய்ப் புள்ளிகளையே பார்த்தார். பிறகு வினிதாவைப் பார்த்து, "சித்தே சுடுதண்ணி வெய்யி கண்ணு. குளிச்சுப்போட்டு வந்தர்றேன்" என்றார்.

 எங்கள் பனியன் யூனிட்டில் ஸ்டீம் அயர்னுக்கு மாட்டுகிற கிளிப் ஒன்றை எடுத்து வந்து ஹோஸை மாட்டி இறுக்கினேன். ஆயிலை அளவாக ஊற்றினேன்.

அவினாசி போனது. தெக்கலூர் போனது. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை, இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இப்போது என் காது பின்னாலேயே இருந்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடியும் பழைய மாதிரியே விழுங்கிக்கொண்டு படுத்திருக்கிறாரா? கிணறு என்று சொன்னது கொஞ்சம் அதிகமோ? கருமத்தம்பட்டி வந்தது. போன முறை டயரை உதைத்த இடத்தைக் கடந்தேன்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"வாடையெல்லாம் இல்லீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா, நீங்க பிரேக் போடறது ரொம்ப மோசமுங்க. ஒவ்வொரு தடவையும் தலை போயி சீட்டுல முட்டுது. மொத நாள்ல இருந்தே சொல்லோணும்னு இருக்கறேன்."

எனக்குக் கண் கலங்கி ரோடு மங்கியது. முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. வெகு தூரத்திலேயே பிரேக்கில் காலை வைத்து, மெதுவாக அழுத்தினேன்.