இருக்கையில் விட்டுப்போன எடை

ஒரு விடுகதை போடுகிறேன். ஆள் இறங்கி ஊரைவிட்டே போய்விட்டான். அவனுடைய வண்டி இன்னும் அவனைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எப்படி?

வெளியூர்ப் பிள்ளைகள் யோசிப்பார்கள். எங்கள் ஊரில் இது விடுகதையாகவே எடுபடாது. இங்கே மோட்டார் சைக்கிளிலிருந்து முதலில் ஆள் இறங்குவார். அவருடைய எடை சற்றுப் பொறுத்துத்தான் இறங்கும். அதனால் வண்டியை நிறுத்தியவர்கள் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள். பின்சக்கரத்தின் மேலுள்ள ஸ்பிரிங் சுருள் மெல்ல எழும்பியதும் வீட்டுக்குள் போவார்கள். தெருவில் போகிறவர்கள் "எடை எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

மருதாசலம் அப்படி நிற்கவில்லை. அவன் காற்றாலைகளில் ஏறி வேலை பார்ப்பவன். குஜராத்தில் கட்ச் பக்கம் வேலை கிடைத்தது. ரயில் நகரத் தொடங்கிவிட்டதால் ஸ்டேஷன் வாசலில் வண்டியை மனைவி சுகந்தியிடம் கொடுத்துவிட்டு ஓடினான். எடை இருக்கையிலேயே தங்கிவிட்டது.

சுகந்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு கல்குவாரிப் பாதை வழியாகக் கிராமங்களுக்குப் போக வேண்டும். போகிற வழியில் மகள் பூவிழியைப் பள்ளியில் இறக்கிவிடுவாள்.

"ஒவ்வொரு பள்ளத்துலயும் அடியில போய் டங்குன்னு இடிக்குதுங்கண்ணா" என்றாள், வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்து. "நேத்து மருந்துக் குப்பி ஒடஞ்சுபோச்சு. இன்னொருக்கா ஒடஞ்சா என்னைய ஆபீஸ்ல உக்கார வெச்சுருவாங்க. ஊசி போடறதுக்கு அந்தப் பக்கம் வேற ஆளே இல்லீங்க."

வெளியூர்ப் பட்டறை ஒன்றில் சுருள் வீக் என்று புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். காலியாக நிற்கும் வண்டி அவ்வளவு தாழ்ந்திருந்தால் வெளியூர் மெக்கானிக் அப்படித்தான் நினைப்பார்.

வண்டியின் சுருளை ஆளுக்கேற்ப அமைப்பது என் தொழில். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, அச்சிலிருந்து இருக்கையின் வால் வரை அளவு நாடா பிடிக்க வேண்டும். பிறகு சக்கரம் தரையில் நிற்க, ஆட்கள் ஏறி உட்கார, மறுபடியும் பிடிக்க வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதுதான் தாழ்வு. சுருள் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்தால் வண்டி சுகமாகப் போகும். அதற்கு மேல் தாழ்ந்தால், கொக்கி ஸ்பேனரால் சுருளின் அடியிலுள்ள வளையத்தைத் திருப்பி அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும். இதனால் சுருள் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது எங்கிருந்து தொடங்குகிறது என்பது மட்டுமே மாறும்.

எங்கள் ஊரில் நாடாவைப் படிப்பது பின்னால் உட்காருபவர். ஓட்டுபவர் எப்போதும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். அதனால் பின்னால் உட்காருபவர் சொல்வதே முடிவு. இந்த வண்டியில் அது பூவிழி.

சுகந்தி ஏறினாள். மருதாசலத்தின் எடை மரியாதையாகப் பின்னால் நகர்ந்துகொண்டது. அதற்கும் பின்னால் பூவிழி உட்கார்ந்து, அதன்மேல் சாய்ந்துகொண்டாள். ஆனால் எடை ஓரிடத்தில் இருக்கவில்லை. காற்று கிளம்பும்போதெல்லாம் எழுந்து பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் அசைந்தது. சுருள் முனகியது.  வளையத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்தேன்.

"இன்னும் கீழதான் இருக்குது மாமா" என்றாள் பூவிழி, பக்கவாட்டில் தொங்கி நாடாவைப் பார்த்து.

கடைசிப் படியிலும் தாழ்வு அதிகம்தான். "மூணு எடைக்குத் தாங்காதும்மா. ஒண்ணு எறங்கியே ஆகணும்" என்றேன்.

அப்போது போன் அடித்தது. மருதாசலம்தான். சுகந்தி ஸ்பீக்கரில் போட்டாள். காற்று பேசிய பிறகு அவன் பேசினான்.

"சுகந்தி, என் எடைய அனுப்பிச்சு விட்டுரு. இங்க சும்மா தூக்கியடிக்குது. கயித்துல கட்டிக்கிட்டுத்தான் சோறு திங்கறேன். இப்படியே இருந்தா ஊருக்கே போன்னு சொல்லீருவாங்க."

"அத்தனையும் வேணுங்களா?"

"காலு தரையில படற அளவுக்கு இருந்தாக்கூடப் போதும்."

"அப்பா, அங்க ஒட்டகம் இருக்குதா?" என்றாள் பூவிழி.

"இருக்குது சாமி. மேல இருந்து பாத்தா நல்லாத் தெரியுது."

"நீங்க இப்ப மேலயா இருக்கீங்க?"

"மேலதான்."

"கயிறு என்ன கலரு?"

"பச்சை."

போன் கட்டாகிவிட்டது. சுகந்தி, "அனுப்பிச்சரலாங்கண்ணா" என்றாள். சொன்ன பிறகும் அவள் கை பின்னால் இருந்த எடையின் மேலேயே இருந்தது. எடுக்கப் போவாள், மறுபடியும் வைப்பாள்.

எடையை அனுப்புவது சிரமமில்லை. வண்டியில் ஆள் இல்லாதபோது வளையத்தைக் கடைசிப் படியில் நிறுத்தி இருக்கையை ஒரு தட்டுத் தட்டினால், எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் எடை கீழே இறங்கிவிடும். போக வேண்டியவர் பெயரைச் சொன்னால் பஸ் பிடித்துப் போய்ச் சேரும். யார் பெயரைச் சொன்னாலும் போகும். தாசில்தார் ஆபீஸ் பியூன் ஒருவரின் எடையை அவருடைய மச்சினன் பெயருக்கு அனுப்பிவிட்டார்கள். மச்சினன் இன்றுவரை மாடிப்படி ஏறுவதில்லை. பியூன் ஏணி இல்லாமல் வெள்ளையடிக்கிறார்.

"அளவு சொல்றது நீதான் கண்ணு. யாரோடது எறங்கறது?" என்று பூவிழியைக் கேட்டேன்.

அவள் நாடாவைப் பார்த்தாள். கீழே மூடியைக் கட்டி வைத்திருந்த மருந்துப் பெட்டியைப் பார்த்தாள். முன்னால் இருந்த அப்பாவின் எடை அசைந்தது. அதன்மேல் இன்னும் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள்.

பிறகு இறங்கினாள். எடை இறங்கும்வரை வண்டிப் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரே ஓட்டமாக வேப்பமரம் வரை போய்விட்டாள். போகும்போதே கால்கள் தரையைவிட்டு எழும்பிவிட்டன. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, "என்னோடத அப்பாவுக்கு அனுப்பிருங்க மாமா" என்றாள்.

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல பிரேயர்ல நிக்கறப்ப காத்தடிச்சா என்னடி பண்ணுவே?"

"பையில இத்தனை புக்கு இருக்குதில்லம்மா."

 சுகந்தி வண்டியிலிருந்து இறங்கி, தன் எடையும் இறங்கும்வரை சாவியைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தாள். நான் இருக்கையைத் தட்டினேன். பூவிழியின் எடை புழுதியில் தொப்பென்று குதித்தது. மருதாசலத்தின் பெயரைச் சொன்னேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டது. கண்டக்டர் அரை டிக்கெட் கொடுத்தார்.

வளையத்தை இரண்டு படி இறக்கினேன். சுகந்தி மறுபடியும் ஏறினாள். மருதாசலத்தின் எடை பின்னால் நகர்ந்து, இந்த முறை அசையாமல் உட்கார்ந்தது. பூவிழியைக் கட்டுவதற்கு என்னிடம் சிவப்புக் கயிறும் பச்சைக் கயிறும் இருந்தன. வண்டியின் பின்கம்பியில் எதை முடிவது என்று கேட்டேன். கம்பியைப் பிடித்து மேலே மிதந்தபடியே அவள் நாடாவைப் படித்தாள். தாழ்வு மூன்றில் ஒரு பங்கு, சரியாக இருந்தது.

பச்சைக் கயிறுதான் வேண்டும் என்றாள்.